ஈரச் சாடியில் வாடும் பீஸ் லில்லி: முதலில் வேரைப் பாருங்கள்

வெள்ளவத்தையில் நாலாம் மாடி வீடு. மேற்குப் பார்த்த ஹோலில் ஒரு பீஸ் லில்லி. நேர்சரியிலிருந்து கொண்டுவந்து இரண்டு மாதம் ஆகிறது. வரும்போது பூவோடு நிமிர்ந்து நின்ற செடி, இப்போது இலையெல்லாம் சாடியின் விளிம்பில் சரிந்து கிடக்கிறது. அடியிலைகள் மஞ்சள், நுனிகள் பழுப்பு. தினமும் காலையில் ஒரு கப் தண்ணீர் விடுகிறீர்கள், போன கிழமை பசளையும் போட்டீர்கள். சாடி, அடியில் துளையில்லாத வெள்ளைப் பீங்கான். தண்ணீரைக் கூட்டுவதா, பல்கனி வெயிலில் வைப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டையும் செய்யாதீர்கள். நீங்கள் சொன்ன அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், அநேகமாக வேர் அழுகியிருக்கிறது. செடியைச் சுற்றித் தண்ணீர் நிறைய இருக்கிறது, ஆனால் அதை உறிஞ்ச வேர் இல்லை. அதனால்தான் வாட்டம். வேருக்குத் தண்ணீரைப் போலவே ஒக்சிசனும் வேண்டும். மண்ணின் நுண்ணிடைவெளிகளில் காற்று இருந்தால்தான் வேர் சுவாசிக்கும். ஒரு நாள் விட்ட தண்ணீர் வடிவதற்குள் அடுத்த நாள் தண்ணீர் வந்து அந்த இடைவெளிகளை நிரப்பினால் சில நாட்களில் வேர் நுனிகள் இறக்கும். இறந்த திசுவில் பித்தியம் போன்ற நோயுயிர்கள் பிடித்துக்கொள்ளும். பீஸ் லில்லிக்கென்றே சிலிண்ட்ரோகிளாடியம் என்ற பங்கசு ஒன்றும் உண்டு. அடியிலை மஞ்சளாவதும், இலைக்காம்பின் அடி கறுத்துப்போவதும் அதன் அடையாளம். எது பிடித்திருந்தாலும் வீட்டில் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்.

ஆனால் அதற்கு முன் நிச்சயப்படுத்துங்கள், ஏனென்றால் பீஸ் லில்லி தண்ணீர் இல்லாமலும் இதே மாதிரித்தான் தொங்கும். சாடியைத் தூக்கிப் பாருங்கள். பாரமே இல்லாமல், மண் சாடியின் ஓரத்திலிருந்து விலகி நின்றால் அது உண்மையான தாகம். ஒரு வாளித் தண்ணீரில் சாடியை அரை மணித்தியாலம் அமிழ்த்தி எடுத்து வடியவிட்டால் அன்று பின்னேரமே இலைகள் எழும்பும். சாடி பாரமாக இருந்தும் செடி தொங்கினால் அழுகல். பீங்கான் சாடி தானே பாரமானது என்பதால் உங்களுக்கு ஈர்க்குச் சோதனைதான் நல்லது. விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவிக் கழுவி, சாடியின் அடிவரை குத்திப் பத்து நிமிடம் விட்டு எடுங்கள். அடிப்பாகம் கறுத்து ஈரமாக வந்தால், சாக்கடை நாற்றமும் அடித்தால், சந்தேகத்துக்கு இடமில்லை. மேல்மண் காய்ந்திருக்கிறது என்று ஏமாற வேண்டாம். துளையில்லாத சாடியில் மேலே இரண்டு சென்ரிமீற்றர் உலர்ந்திருக்கும்போதே கீழே தண்ணீர் தேங்கி நிற்கும்.

இனி வேலை. இதை நாளைக்குத் தள்ளாமல் செய்வது நல்லது. அழுகல் வேரிலிருந்து கிழங்குக்கு, அதாவது வேரும் இலையும் கிளம்பும் தடித்த அடிப்பகுதிக்கு, ஏறிவிட்டால் செடி தப்பாது.

பழைய பத்திரிகையை விரித்து, செடியின் அடியை இரு விரல்களுக்கிடையில் பிடித்துச் சாடியைச் சரித்து வெளியே எடுங்கள். இலையைப் பிடித்து இழுக்க வேண்டாம். குழாய்த் தண்ணீரை மெல்லத் திறந்து பழைய கலவை முழுவதையும் கழுவிவிடுங்கள். நேர்சரிச் செடிகளில் அடிக்கடி ஒன்று காணப்படும்: நடுவில், கிழங்கைச் சுற்றி, சின்ன வயதில் நாற்றுத் தட்டில் வளர்ந்த இறுகிய தும்புக் கட்டி ஒன்று, சில வேளை வலைப்பையோடு. மற்ற இடமெல்லாம் காய்ந்தாலும் அது காயாது. அழுகல் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும். விரலால் பிரித்து எடுத்துவிடுங்கள்.

வேரை நிறத்தை வைத்து மட்டும் முடிவுசெய்யக் கூடாது. நல்ல வேர் வெள்ளை அல்லது தந்த நிறம் என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் தும்புத்தூளில் வளர்ந்த நல்ல வேரும் சாயமேறி மண்ணிறமாக இருக்கும். தொட்டுப் பாருங்கள். நல்ல வேர் இறுக்கமாக, வளைத்தால் நிமிரும். அழுகிய வேரை இரு விரலால் பிடித்து இழுத்தால் வெளித்தோல் வழுக்கிக் கழன்று வரும், உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிஞ்சும். அந்த நூலெல்லாம் இறந்தவைதான்.

கத்தரிக்கோலை சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்து, இறுக்கமான திசு வரும்வரை வெட்டுங்கள். ஒவ்வொரு கொத்துக்கும் ஒருமுறை திரும்பத் துடையுங்கள். கிழங்கையும் அமுக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மெத்தென்றிருந்தால் அந்தப் பக்கத்தைச் சீவி எறிந்து, வெட்டுவாயில் மட்டும் கறுவாத்தூள் தடவலாம். வேரெல்லாம் கறுவாத்தூளைத் தூவுவது தவறு, அது இளவேரை உலர்த்திவிடும். பெரிய செடியென்றால் கிழங்கு தானாகவே இரண்டு மூன்றாகப் பிரியும். ஒவ்வொன்றிலும் நல்ல வேர் நாலைந்து இருந்தால் பிரித்து நடுவது பாதுகாப்பு. ஒன்று போனாலும் மற்றது நிற்கும்.

பிறகு இலைகள். இதைச் செய்ய மனம் வராது, ஆனால் செய்யத்தான் வேண்டும். பாதி வேர் போயிருந்தால் இலையிலும் மூன்றிலொன்று முதல் பாதி வரை குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் மிஞ்சிய வேரால் அத்தனை இலைக்கும் தண்ணீர் கொடுக்க முடியாது. மஞ்சளானவை முதலில், அடுத்து வெளிச்சுற்றின் முதிர்ந்த இலைகள். காம்பின் அடியோடு வெட்டுங்கள். பூவும் மொட்டும் ஒன்றுகூட இருக்கக் கூடாது. நடுக்குருத்தைத் தொடாதீர்கள். மஞ்சளான இலை திரும்பப் பச்சையாகாது என்பதால் அதைக் காத்துவைப்பதில் பயனில்லை.

வெட்டிய செடியை நிழலில் ஒரு மணித்தியாலம் காற்றாட விட்டுவிட்டுச் சாடியைத் தயார்செய்யலாம். எல்லோரும் பெரிய சாடிக்கு மாற்றுவார்கள். நோயுற்ற செடிக்குச் சின்னச் சாடிதான் வேண்டும். மிஞ்சிய வேர்க்கொத்தைச் சுற்றி இரண்டு சென்ரிமீற்றர் இடம் இருந்தால் போதும். பத்து அங்குலச் சாடியில் இருந்தது ஐந்து அல்லது ஆறு அங்குலச் சாடிக்கு இறங்குவது சாதாரணம். வேர் போகாத மண்ணில் உள்ள ஈரத்தை யாரும் உறிஞ்ச மாட்டார்கள், அது அப்படியே கிடந்து புளிக்கும். அடியில் ஒரு சென்ரிமீற்றர் அளவில் நாலைந்து துளை உள்ள சாதாரண பிளாஸ்ரிக் சாடி அல்லது மண்சாடி எடுங்கள். மண்சாடியின் சுவராலும் ஈரம் போவதால், கை தாராளமாகத் தண்ணீர் விடுகிறவர்களுக்கு அதுவே நல்லது. வெள்ளைப் பீங்கான் சாடியை எறிய வேண்டாம். உள்சாடியை அதற்குள் இறக்கி வைத்து, தண்ணீர் விடும்போது வெளியே எடுத்து, வடிந்தபின் திரும்ப வைக்கலாம்.

அடியில் சல்லிக்கல் போட்டால் தண்ணீர் வடியும் என்ற நம்பிக்கை நம் ஊரில் ஆழமாக இருக்கிறது. உண்மையில் நடப்பது அதற்கு நேர்மாறு. நுண்ணிய கலவையிலிருந்து பெரிய இடைவெளியுள்ள கல்லுக்குள் தண்ணீர் இறங்க வேண்டுமென்றால், மேலே உள்ள கலவையின் அடிப்பாகம் முழுதாக ஊறி நிரம்ப வேண்டும். ஆகவே எந்தச் சாடியிலும் அடியில் இருக்கும் அந்த ஊறிய படை, கல் போட்டால் அத்தனை உயரம் மேலே ஏறி வேருக்குக் கிட்ட வந்து நிற்கும். மண் வெளியேறாமல் துளையின் மேல் நுளம்பு வலைத் துண்டு ஒன்று வைத்தால் போதும்.

கலவைதான் இதில் பெரிய விசயம். கொழும்பில் கடைகளில் கிடைக்கும் சாடிக் கலவைகளில் பெரும்பங்கு தும்புத்தூள். மலிவு, பாரமில்லை, ஆனால் தன் எடையைப்போல் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும். ஒரு வருடத்துக்குமேல் போனால் நொறுங்கித் தூளாகி இறுகும். புதுத் தும்புத்தூளில் உப்பும் இருக்கும், உவர்நீரில் ஊறவைத்த மட்டையிலிருந்து வந்ததென்றால் இன்னும் கூடுதலாக. ஒரு வாளியில் ஊறவைத்துப் பிழிந்து, தேயிலைச் சாயம் போன்ற அந்தத் தண்ணீர் வெளிறும்வரை மூன்று நாலு தடவை மாற்றுங்கள். பிறகு கலக்க வேண்டிய அளவு: கழுவிய தும்புத்தூள் இரண்டு பங்கு, கரிந்த உமி ஒரு பங்கு, இரண்டு முதல் நாலு மில்லிமீற்றர் பருமனான கழுவிய மணல் அல்லது உடைத்த சிரட்டைக்கரி ஒரு பங்கு, அரித்த கூட்டெரு அரைப் பங்கு. கட்டட வேலைக்குக் கொண்டுவரும் கடல் மணலை நன்றாகக் கழுவாமல் போடாதீர்கள். நுண்ணிய பூச்சு மணல் வேண்டவே வேண்டாம், அது இடைவெளியை அடைத்துவிடும்.

கலந்ததை நனைத்து ஒரு கைப்பிடி இறுகப் பிடியுங்கள். இரண்டு மூன்று துளி சொட்டி, கையைத் திறந்து விரலால் தட்டினால் உதிர வேண்டும். ஒழுகினால் தும்பு கூட, கட்டியாகவே நின்றால் கரியோ மணலோ போதாது. நட்டபின் மேலே தண்ணீர் விட்டால் கால் நிமிடத்துக்குள் கீழே வரத் தொடங்க வேண்டும்.

நடும்போது கிழங்கின் கழுத்து மண்மட்டத்தில் இருக்கட்டும். செடி ஆடுகிறது என்று ஆழமாகப் புதைத்தால் காம்படி அழுகும். ஆடினால் இரண்டு ஈர்க்குக் கட்டு குத்தி நூலால் தாங்குங்கள். கலவையைக் கையால் அமுக்க வேண்டாம், சாடியைத் தரையில் நாலு தட்டுத் தட்டினால் தானாக இறங்கும். ஒருமுறை அடியால் வடியும்வரை தண்ணீர் விட்டு, பிறகு பொறுத்திருங்கள். பொலித்தீன் பையால் மூட வேண்டுமா என்று கேட்பார்கள். ஏசி இல்லாத கொழும்பு வீட்டில் காற்றில் ஈரப்பதன் போதுமானது, மூடினால் பங்கசுதான் வளரும்.

அடுத்த தண்ணீர் எப்போது? நாள் கணக்கு வைக்காதீர்கள். மேல் மூன்று சென்ரிமீற்றர் உலர்ந்து, சாடி கையில் பாரம் குறைந்து தெரியும்போது விடுங்கள். குசினித் தராசு இருந்தால் இன்னும் நல்லது. தண்ணீர் விட்டு வடிந்தபின் ஒரு தடவை நிறுத்து எழுதிவையுங்கள், செடி சற்றே சோரத் தொடங்கும்போது ஒரு தடவை நிறுங்கள், இரண்டுக்கும் நடுவைத் தாண்டியதும் அடுத்த தண்ணீர். ஆறு அங்குலச் சாடிக்கு ஒரு தடவைக்கு முந்நூறு, நாநூறு மில்லிலீற்றர் வரை, அடியால் ஓரளவு வெளியேறும்வரை. தினமும் ஒரு கப் என்பதைவிட, ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை முழுதாக நனைத்து முழுதாக வடியவிடுவதே வேருக்கு நல்லது. நல்ல வெளிச்சத்தில் அந்த இடைவெளி நாலு நாளாகலாம், இருண்ட மூலையில் பத்து நாளைத் தாண்டலாம். ஒக்டோபர், நவம்பர் அடைமழையில் இன்னும் நீளும். பெப்ரவரி வரட்சியில் குறையும்.

குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் பற்றி நிறையப் பேர் கவலைப்படுகிறார்கள். பீஸ் லில்லியைக் கொல்லும் அளவுக்கு அது ஒன்றுமில்லை. மணம் பலமாக இருந்தால் இரவு வாளியில் பிடித்து மூடாமல் வைத்துக் காலையில் பாவியுங்கள்.

வெளிச்சம் குறைந்தால் செடி தண்ணீரை இழுப்பதும் குறையும். அதனால் இருட்டு மூலையும் தினசரித் தண்ணீரும் சேர்ந்தால் அழுகல் நிச்சயம். பீஸ் லில்லி இருட்டில் வளரும் என்று விற்பவர்கள் சொல்வது, இருட்டில் மெதுவாகச் சாகும் என்பதற்குக் கிட்டத்தட்டச் சமம். மதியம் செடி இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அதன்மேல் ஓரடி உயரத்தில் கையை நீட்டுங்கள். மங்கலான ஓரத்தோடு நிழல் விழுந்தால் சரியான இடம். நிழலே தெரியாவிட்டால் யன்னலுக்குக் கிட்ட கொண்டுவர வேண்டும். நிழல் கத்தியால் வெட்டியமாதிரி கூர்மையாக விழுந்தால் வெயில் கூடிவிட்டது.

பிற நாட்டு அறிவுரைகளில் வடக்கு யன்னலில் வெயில் வராது என்று இருக்கும். கொழும்பு வட அகலாங்கு ஏழு பாகையில் இருக்கிறது. ஏப்ரல் முதற்கிழமை அளவில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, அதன்பின் செப்டெம்பர் தொடக்கம்வரை வடக்குப் பக்கமாகவே போகும். ஆகவே ஜூனில் வடக்கு யன்னலிலும் வெயில் விழலாம். டிசெம்பரில் தெற்கு யன்னலில் வெயில் இன்னும் சாய்ந்து, உள்ளே ஆழமாக வரும். உங்கள் வீடு மேற்குப் பார்த்தது. பின்னேரம் இரண்டு மணிக்குப் பிறகு வருவது கடும் வெயில். கண்ணாடியை ஒட்டி வைத்தால் இலையில் வெளிறிய காகிதம் போன்ற கருகல் விழும். மெல்லிய வெள்ளைத் திரைக்குப் பின்னால், யன்னலிலிருந்து ஒன்று முதல் ஒன்றரை மீற்றர் தள்ளி வையுங்கள். வேர் வெட்டிய முதல் இரண்டு கிழமைக்கு இன்னும் சற்று உள்ளே.

கடலோர வீதியான மரைன் டிரைவ் பக்கமிருந்து திறந்து வரும் காற்றையும் கவனியுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று உப்பைக் கொண்டுவரும். யன்னல் கண்ணாடியில் வெள்ளையாகப் படிவது இலையிலும் படியும், விளிம்பு கருகும். கிழமைக்கு ஒருமுறை ஈரத்துணியால் இலையின் இரு பக்கமும் துடையுங்கள். பளபளப்புக்காகத் தேங்காயெண்ணெய் பூசாதீர்கள், தூசி ஒட்டிக்கொள்ளும், இலைத்துளை அடையும்.

ஏசி காற்று நேரே படும் இடம் ஆகாது. அறை குளிராக இருப்பதைப்பற்றிக் கவலையில்லை, இருபத்துநாலு பாகையில் அது சுகமாகவே இருக்கும். நேரே அடிக்கும் உலர்ந்த காற்றுதான் நுனியைக் கருக்கும், இலைச்சாற்றை உறிஞ்சும் சிலந்திச் சிற்றுண்ணியையும் வரவழைக்கும். நுனிப் பழுப்புக்கு இன்னொரு காரணம் உப்புச் சேர்க்கை. மண்மேல் வெள்ளைப் படலம் தெரிந்தால், செடி தேறியபின் ஒரு நாள் சாடிக் கொள்ளளவின் மூன்று மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவிவிடுங்கள். இப்போது அல்ல.

பசளையைப் பொறுத்தவரை, முதல் ஆறு கிழமைக்கு எதுவுமே கூடாது. வெட்டுப்பட்ட வேருக்குப் பக்கத்தில் உப்புச்செறிவு ஏறினால் அது தண்ணீரை வெளியே இழுத்துவிடும். போன கிழமை நீங்கள் போட்டதும் இதைத்தான் செய்திருக்கும். புதிதாக இரண்டு இலை விரிந்தபின் அல்பேர்ட் என்ற கரையும் பசளைத் தூளை லீற்றருக்கு ஒரு கிராம் வீதம் கரைத்து, மாதம் ஒருமுறை, ஈரமாக உள்ள மண்ணில் விடலாம். மண்ணில்லாப் பயிர்ச்செய்கைக்குப் போடும் இரண்டு கிராம் அளவு வீட்டுக்குள் நிற்கும் செடிக்கு அதிகம். அரிசி கழுவிய தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர், தேயிலைச் சக்கை, வாழைப்பழத்தோல் ஊறல் எல்லாம் வெளியில் கறிவேப்பிலைக்குப் போகட்டும். சாடிக்குள் அவை உக்கும்போது வேருக்கு வேண்டிய ஒக்சிசனையே எடுத்துக்கொள்ளும். அதோடு மண்ணைக் கிளறினால் கிளம்பும் அந்தச் சின்னக் கறுப்பு ஈக்களும் வரும். அந்த ஈ தானாகப் பெரிய கேடு செய்யாது, ஆனால் அதன் புழு ஈர மண்ணில் நுண்வேரைத் தின்னும். மேல்மண்ணை உலரவிட்டால் தானாகக் குறையும்.

காம்பு இடுக்கில் பஞ்சுபோல வெள்ளையாக ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் ஒற்றி எடுங்கள். நிறைய இருந்தால் ஒரு லீற்றர் இளஞ்சூட்டு நீரில் வேப்பெண்ணெய் ஒரு தேக்கரண்டி, திரவச் சவர்க்காரம் சில துளி கலந்து, பின்னேரத்தில் இலையின் அடிப்பக்கமும் படத் தெளியுங்கள். ஏழு நாள் விட்டு இன்னும் இரண்டு தடவை. முதலில் ஒரே ஒரு இலையில் தெளித்து அடுத்த நாள் பார்த்துவிட்டு மற்றதுக்குப் போங்கள்.

சாடித் தட்டில் நிற்கும் தண்ணீரை ஒவ்வொரு தடவையும் கொட்டுங்கள். வேருக்காக மட்டுமல்ல, கொழும்பில் டெங்கு நுளம்பு முட்டையிடும் முக்கிய இடங்களில் இதுவும் ஒன்று. முட்டை தண்ணீர் விளிம்புக்குச் சற்று மேலே தட்டில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே கொட்டினால் போதாது, கிழமைக்கு ஒருமுறை தட்டைப் பிறஸ்ஸால் தேய்த்துக் கழுவ வேண்டும். பீங்கான் வெளிச்சாடிக்கும் இதேதான். இல்லாவிட்டால் தட்டில் மணல் நிரப்பிவையுங்கள்.

என்ன எதிர்பார்க்கலாம்? முதல் கிழமை செடி இன்னும் சோரும், இரண்டொரு இலை மஞ்சளாகும். அதைப் பார்த்துத் தண்ணீரைக் கூட்டினால் எல்லாம் வீண். மூன்று முதல் ஐந்து கிழமைக்குள் நடுவில் சுருட்டிய இளம்பச்சைக் குருத்து ஒன்று எழும்பினால் வேர் பிடித்துவிட்டது. சாடியைத் தூக்கித் துளை வழியே பார்த்தால் வெள்ளை வேர்நுனி தெரியும்.

கழுவும்போதே கிழங்கு முழுதும் மெத்தென்று, நடுக்குருத்து இழுத்தவுடன் கையோடு வந்தால் அதைக் காப்பாற்ற வழியில்லை. மணிப் பிளாண்ட் என்றால் ஒரு கணுவோடு கொடித்துண்டு வெட்டித் தண்ணீரில் வைத்து மீட்டிருக்கலாம். பீஸ் லில்லிக்கு அந்த வசதி இல்லை, கிழங்குத் துண்டு இல்லாமல் இலையிலிருந்து முளைக்காது. அந்தக் கலவையையும் வேறு செடிக்குப் பாவிக்காமல் எறியுங்கள். சாடியைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து ஒரு நாள் வெயிலில் காயவைத்தால் திரும்ப எடுக்கலாம்.

வீட்டில் தவழும் குழந்தையோ பூனையோ இருந்தால் வெட்டிய இலைகளைத் தரையில் விட்டுவைக்காதீர்கள். இலையிலும் காம்பிலும் ஊசிபோன்ற கல்சியம் ஒக்சலேற்றுப் பளிங்குகள் உண்டு. மென்றால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும். வேலை முடிந்ததும் கையைக் கழுவிவிட்டுத்தான் கண்ணைத் தொட வேண்டும்.

பூ உடனே வரவில்லை என்று மறுபடியும் பசளைப் பக்கம் போக வேண்டாம். விற்பனைக்கு வளர்ப்பவர்கள் ஜிபரெலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஓமோனைத் தெளித்து ஒரே நேரத்தில் பூக்கவைப்பது வழக்கம். நீங்கள் வாங்கியபோது இருந்த பூக்களும் அப்படி வந்தவையாக இருக்கலாம். வீட்டில் அது தன் வேரைக் கட்டிக்கொண்டு, வெளிச்சமும் போதுமாக இருந்தால், சில மாதங்களில் ஒன்றிரண்டாகத்தான் பூக்கும்.